மங்கீஸ்: திரையில் வாய்ப்புத் தேடிய குழு, திரைக்கு வெளியே உரிமை கேட்ட குழு

1967 ஜனவரியில் இசைப் பயணத்தில் இருந்த நான்கு இளைஞர்கள், தங்கள் பெயரில் ஒரு புதிய ஆல்பம் வெளிவந்திருக்கிறது என்பதையே அது கடைக்கு வந்த பிறகுதான் அறிந்தார்கள். வாங்கிப் பார்த்தபோது, உறையில் இருந்த படம் ஜே. சி. பென்னி கடைகளின் ஆடை விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டது என்பதும், பின்னட்டையில் இசை மேற்பார்வையாளர் தம்முடைய பாடலாசிரியர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார் என்பதும், தாங்கள் பாடிக் கொடுத்த பாடல்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்தன. அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அந்த நால்வர்தான் மங்கீஸ். என்பிசி தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 12 அன்று தொடங்கி, 58 எபிசோடுகள் ஓடி, 1968 மார்ச் 25 அன்று முடிந்த நகைச்சுவைத் தொடரின் நாயகர்கள். கதைப்படி அவர்கள் கடற்கரை ஓரத்து வீடொன்றில் ஒன்றாகத் தங்கி, வாடகை கட்ட வழியில்லாமல், எங்காவது வாசிக்க வாய்ப்புக் கிடைக்காதா என்று அலைகிற ஒரு பாப் குழு. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு வம்பில் மாட்டுவார்கள், தப்பிப்பார்கள், பெயரும் பணமும் மட்டும் வந்து சேராது. தொடருக்கு வெளியிலோ, 1967 ஆம் ஆண்டில் மட்டும் அவர்களுடைய நான்கு ஆல்பங்கள் பட்டியலின் முதலிடத்தில் இருந்தன.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில், ஒரு நடிகர் குழு தன் இசைமீது உரிமை கேட்டு, கேட்டதைப் பெற்ற நிகழ்வே இங்கே ஆராயப்படுகிறது. வெற்றி தலைக்கேறிய பையன்கள் திடீரென்று முரண்டுபிடித்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அந்தச் சுருக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. தொடரை வடிவமைத்தவர்கள் எப்படிப்பட்ட ஆட்களைத் தேடினார்கள், அவர்களை எப்படிப் பழக்கினார்கள் என்பதை வரிசையாகப் பார்த்தால், மோதல் அந்த வடிவமைப்புக்குள்ளேயே இருந்தது விளங்கும்.

விளம்பரமும் தேர்வும்

பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் இருவரும் சேர்ந்து ரேபர்ட் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஷ்னைடரின் தந்தை கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அந்நிறுவனத்தின் தொலைக்காட்சிக் கிளையான ஸ்கிரீன் ஜெம்ஸ் தொடருக்குப் பணம் போட்டது. பீட்டில்ஸ் குழு நடித்து 1964 இல் வெளிவந்த திரைப்படம் பெற்ற வரவேற்பு, இளைஞர் இசைக்குழு ஒன்றை வைத்து வாரந்தோறும் கதை சொல்லலாம் என்ற எண்ணத்தை விற்கத்தக்கதாக மாற்றியிருந்தது.

1965 செப்டம்பரில் ஹாலிவுட்டின் தொழில்முறை நாளேடுகளில் அவர்கள் கொடுத்த விளம்பரம் ‘பித்து’ என்ற பொருள்தரும் ஒரே சொல்லை உரத்த குரலில் தலைப்பாக வைத்திருந்தது. 17 முதல் 21 வயது வரையிலான, கிறுக்குத்தனம் மிக்க நான்கு பையன்கள் வேண்டும் என்றது. சன்செட் ஸ்டிரிப் சாலையில் இருந்த பென் ஃபிராங்க்ஸ் உணவகத்தில் கூடுகிறவர்களைப் போன்ற துடிப்பானவர்களாக, வேலை செய்யத் துணிவுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது. சொன்னதைச் செய்பவர்கள் வேண்டும் என்ற பொருளில் அதில் ஒரு சொல்லும் கிடையாது. வந்தவர்கள் 437 பேர்.

தேர்வான நால்வரில் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் மைக்கேல் நெஸ்மித் மட்டுமே. டெக்சாசைச் சேர்ந்த அவர் ஏற்கெனவே பாட்டெழுதிக்கொண்டிருந்தவர். அவர் எழுதிய பாடல் ஒன்றை 1967 இல் லிண்டா ரான்ஸ்டட் இருந்த குழு பாடிப் புகழ்பெற்றது. தலைமுடி கண்ணில் விழாமல் இருக்கக் கம்பளிக் குல்லாய் அணிந்து நேர்காணலுக்கு வந்தார், அந்தக் குல்லாயே பின்னர் பாத்திரத்தின் அடையாளமாயிற்று. பீட்டர் டோர்க் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் இசையரங்குகளில் வாசித்துப் பழகியவர், நால்வரில் அதிகமான கருவிகளைக் கையாளத் தெரிந்தவர். தேர்வில் இடம் கிடைக்காத ஸ்டீபன் ஸ்டில்ஸ்தான் அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். இங்கிலாந்தைச் சேர்ந்த டேவி ஜோன்ஸ் பிராட்வே இசை நாடகத்தில் நடித்து டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதன்முறை தோன்றிய 1964 பிப்ரவரி 9 இரவில், அதே மேடையில் தம் நாடகக் குழுவோடு அவரும் இருந்தார். மிக்கி டோலன்ஸ் பத்து வயதை ஒட்டியே ஒரு சர்க்கஸ் தொடரில் நாயகனாக நடித்த குழந்தை நட்சத்திரம்.

ஆக, இருவர் இசைக்கலைஞர்கள், இருவர் நடிகர்கள். பாடத் தெரியாதவர் நால்வரில் எவரும் இல்லை. ‘ஒன்றும் தெரியாத நால்வரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்’ என்ற பிற்காலப் பழிப்பு இந்த இடத்திலேயே பொய்த்துப் போகிறது.

பெரியவர் இல்லாத வீடு

தொடரை விற்பதற்காக முதலில் எடுத்துக் காட்டிய, பால் மசுர்ஸ்கியும் லாரி டக்கரும் எழுதிய முன்னோட்டப் படத்தில், குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். சோதனைப் பார்வையாளர்களிடம் அந்தப் படம் முதலில் எடுபடவில்லை. ஜோன்ஸ், நெஸ்மித் இருவரையும் தேர்வுக்காகப் படம்பிடித்திருந்த உரையாடல் துண்டுகளை ராஃபெல்சன் முன்னால் ஒட்டி மறுபடி வெட்டிக் காட்டினார். இந்தப் பையன்கள் உண்மையில் எப்படிப் பேசுவார்கள் என்று பார்த்த பிறகு பார்வையாளர்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது. இந்தச் சிறிய மாற்றத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். தொடரை விற்றுக் கொடுத்தது எழுதப்பட்ட வசனமன்று, அந்த இளைஞர்களின் சொந்த இயல்பு.

கடைக்காரர் பாத்திரம் அதன்பின் நீக்கப்பட்டது. மேலாளரோ பெற்றோரோ வழிகாட்டியோ இல்லாமல் இளைஞர்கள் தாங்களே ஒரு வீட்டில் வாழ்வது அன்றைய அமெரிக்கக் குடும்பத் தொடர்களில் காணக் கிடைக்காத அமைப்பு. வாடகை கேட்க அவ்வப்போது வரும் வீட்டுக்காரரைத் தவிர, வீட்டில் நிலையாக இருந்த ஒரே பெரியவர் நாற்காலியில் உட்கார்த்தி வைத்த ஒரு பொம்மை. கயிற்றை இழுத்தால் அறிவுரை ஒன்றைச் சொல்லும். அந்தப் பொம்மைக்குத் தயாரிப்பாளரின் பெயரையே, ‘மிஸ்டர் ஷ்னைடர்’ என்று வைத்திருந்தார்கள்.

நால்வரையும் படப்பிடிப்புக்கு ஆயத்தம் செய்தவர் இயக்குநர் ஜேம்ஸ் ஃப்ராலி. எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வைத்தே காட்சியை வளர்க்கும் மேடைப் பயிற்சியில் ஊறியவர் அவர். எதிரே இருப்பவர் சொல்வதை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், அதை எதிர்பாராத பக்கம் திருப்ப வேண்டும், கேமராவைப் பார்த்துப் பேசத் தயங்கக்கூடாது என்று வாரக்கணக்கில் பழக்கினார். அதன் பலன் திரையில் தெரிந்தது. கடலில் தத்தளிக்கும் இளவரசியை ஜோன்ஸ் காப்பாற்றுவதில் தொடங்கும் முதல் எபிசோடில், அவளைக் கொல்லத் திட்டமிடும் சித்தப்பா, வாள் சண்டை, மாறுவேடம் என்று பழைய சாகசக் கதையின் சட்டகம் முழுவதும் இருக்கிறது. அந்தச் சட்டகத்துக்குள் நால்வரும் நின்று பேசுவதைவிட ஓடுவதும் குதிப்பதும் அதிகம், படச்சுருள் வேகம் கூடுகிறது, காட்சி நடுவில் அறுந்து வேறிடத்தில் தொடங்குகிறது, இடையில் பாடல் வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. வேறோர் எபிசோடில் கதை சிக்கலானதும் டோலன்ஸ் படப்பிடிப்புத் தளத்தைவிட்டு நடந்தே வெளியேறி, கதை எழுதுபவர்களின் அறைக்குப் போகிறார். 1967 இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது மங்கீசுக்குக் கிடைத்தது. முதல் எபிசோடுக்காக ஃப்ராலிக்கும் இயக்குநர் விருது கிடைத்தது.

படப்பிடிப்புத் தளத்தில் இருந்த மற்றோர் ஏற்பாட்டையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். காட்சிகளுக்கு இடையே நால்வரும் தளமெங்கும் சுற்றித் தொல்லை கொடுக்காமல் இருக்க, தளத்துக்குள்ளேயே கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பெட்டி அறையைக் கட்டி அதில் அவர்களை இருக்கச் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் விளக்கு. எவருடைய விளக்கு எரிகிறதோ அவர் எழுந்து போய் நடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். கேமராவுக்கு முன்னால் எல்லையில்லாத சுதந்திரம், கேமரா நின்றதும் கறுப்பு அறை. இசையில் நடந்ததும் இதுவேதான்.

பாடல்கள் வந்த வழி

தொடரின் ஒவ்வொரு எபிசோடுக்கும் பாடல்கள் வேண்டும், அவை இசைத்தட்டாகவும் விற்க வேண்டும். அந்தப் பொறுப்பு நியூயார்க்கின் பாடல் பதிப்புத் தொழிலில் கைதேர்ந்த டான் கிர்ஷ்னரிடம் இருந்தது. டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இருவரும் தொடக்கப் பாடல்கள் பலவற்றை எழுதித் தயாரித்தார்கள். தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, 1966 ஆகஸ்டில், பக்கத்துக்கு ஒரு பாடலாக முதல் தட்டு வந்து பின்னர் முதலிடம் பிடித்தது. அக்டோபரில் வந்த முதல் ஆல்பம் 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. நீல் டயமண்ட் எழுதி டோலன்ஸ் பாடிய அடுத்த தட்டு அதையும் மிஞ்சியது. கிர்ஷ்னரின் காது எது விற்கும் என்பதைத் தவறாமல் கேட்டது. அதை மறுப்பது நேர்மையாகாது.

பதிவறையில் கருவிகளை வாசித்தவர்கள் சம்பளத்துக்கு வரும் தொழில்முறைக் கலைஞர்கள். நால்வரும் பெரும்பாலும் குரல் கொடுக்க மட்டும் அழைக்கப்பட்டார்கள். நெஸ்மித்துக்கு மட்டும் முதல் இரண்டு ஆல்பங்களிலும் இரண்டிரண்டு பாடல்களைத் தயாரிக்க இடம் கொடுத்தார்கள். பின்னணிப் பாடகர் முறையிலேயே வளர்ந்த தமிழ் வாசகருக்கு, குரல் அவர்களுடையதாக இருக்கும்போது கிதார் யாருடையதாக இருந்தால் என்ன என்று தோன்றக்கூடும். அன்றைய அமெரிக்க ராக் ரசிகர்களின் அளவுகோல் வேறு: குழு என்றால் அதன் உறுப்பினர்களே வாசிக்க வேண்டும், முடிந்தால் எழுதவும் வேண்டும். அந்த அளவுகோலும் எல்லோருக்கும் சமமாகப் பயன்படுத்தப்படவில்லை. 1965 இல் பைர்ட்ஸ் குழுவின் முதல் வெற்றித் தட்டில் வாசித்த உறுப்பினர் ஒருவர் மட்டுமே, மற்றவர்கள் அதே லாஸ் ஏஞ்சலிஸ் பதிவறைக் கலைஞர்கள். ஆனால் அவர்களைப் போலிகள் என்று எவரும் அழைக்கவில்லை. மங்கீஸ் தொலைக்காட்சியில் பிறந்ததே அவர்கள்மீது விழுந்த பழிக்கு உண்மைக் காரணம்.

இதற்குள் மேடை வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தொடர் வெற்றி பெற்றதும் நேரடி நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வந்தது. தொடரில் டிரம்ஸ் வாசிப்பவராகக் காட்டப்பட்ட டோலன்ஸ் கிதார் தெரிந்தவரே தவிர டிரம்ஸ் தெரியாதவர், அந்தப் பாத்திரத்துக்காகத்தான் அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார். 1966 டிசம்பர் 3 அன்று ஹொனலூலுவில் நால்வரும் தாங்களே கருவிகளை வாசித்து முதல் கச்சேரியை நடத்தினார்கள். 1967 ஆம் ஆண்டுக் கச்சேரிகளின் பதிவு பிற்காலத்தில் ஆல்பமாக வந்திருக்கிறது. அதில் தாளம் தடுமாறும் இடங்கள் உண்டு, குரல் கத்தலாகும் இடங்கள் உண்டு, ஆனால் கூட்டத்தின் அலறலுக்கு நடுவே ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் ஒரு குழு அங்கே இருக்கிறது என்பதில் கேட்பவருக்கு ஐயம் எழாது.

மேடையில் வாசிக்க நம்பப்பட்டவர்கள் பதிவறையில் மட்டும் நம்பப்படவில்லை. இந்த முரண்தான் அவர்களைச் சுட்டது.

சுவரில் விழுந்த குத்து

இரண்டாம் ஆல்பம் அவர்களுக்குத் தெரியாமல் வந்ததும் பொறுமை முறிந்தது. தங்கள் தட்டுகளில் தாங்கள் வாசிக்கவில்லை என்பதை நெஸ்மித் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் மறைத்துவைத்திருந்த உண்மையை நாயகனே சொல்லிவிட்டதால், அதுவரை முணுமுணுப்பாக இருந்த கேலி தலைப்புச் செய்தியாயிற்று.

அதே மாதத்தில் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் ஒரு சந்திப்பு நடந்தது. கிர்ஷ்னர் நால்வருக்கும் விற்பனைச் சாதனைக்கான தங்க இசைத்தட்டுகளையும் ராயல்டிக் காசோலைகளையும் கொடுக்க வந்திருந்தார். வெற்றியைக் கொண்டாடுகிறோம் என்ற எண்ணத்தில் அவர் இருக்க, நெஸ்மித் தங்கள் பாடல்களைத் தாங்களே உருவாக்க விடாவிட்டால் விலகிவிடுவதாகச் சொன்னார். உடனிருந்த வழக்கறிஞர், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்க்கும்படி சொல்ல, நெஸ்மித் சுவரில் குத்தினார், சுவர் ஓட்டையாயிற்று. அந்தக் குத்து உங்கள் முகத்தில் விழுந்திருக்கும் என்று அவர் சொன்னதாக அங்கிருந்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கையில் காசோலை இருக்கும்போது கோபப்படுவது எளிதன்று. அவர் மறுத்தது பணத்தையன்று, பணத்தோடு சேர்த்து ஒப்புக்கொள்ளச் சொன்ன பொய்யை.

மற்ற மூவரும் ஒரே அளவில் இதில் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. டோர்க் முழுமனதோடு நின்றார், ஏனெனில் குழுவாக வாசிப்பதற்காகவே அவர் வந்திருந்தார். டோலன்சும் ஜோன்சும் நடிகர்கள், தொடரில் வேலை செய்வதாகவே நினைத்தவர்கள். ஆனாலும் பிரிந்து நிற்கவில்லை.

முடிவை வரவழைத்தது ஒரு தட்டின் பின்பக்கம். அடுத்த தட்டின் ஒரு பக்கத்தில் குழுவே வாசித்த பாடல் இடம்பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை மீறி, கிர்ஷ்னர் தம் விருப்பப்படி இரு பாடல்களைச் சேர்த்து வெளியிட முற்பட்டார். 1967 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டார், தட்டு திரும்பப் பெறப்பட்டது, பின்பக்கத்தில் நெஸ்மித் எழுதிக் குழு வாசித்த பாடல் ஏறியது. இந்த இடத்தில் ராஃபெல்சனும் ஷ்னைடரும் நால்வர் பக்கம் நின்றதைக் குறிப்பிட வேண்டும். துணிவுள்ள பையன்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தவர்கள் அந்தத் துணிவு தங்களுக்கே இடைஞ்சலாக வந்தபோது அதைத் தண்டிக்கவில்லை. கிர்ஷ்னர் வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொண்டார். பின்னர் கேலிச்சித்திரப் பாத்திரங்களைக் கொண்ட ஒரு குழுவுக்கு இசை மேற்பார்வை செய்து 1969 இல் மாபெரும் வெற்றி கண்டார்.

அவர்களே வாசித்த ஆல்பம்

டர்ட்டில்ஸ் குழுவிலிருந்து வந்த சிப் டக்ளஸ் தயாரிப்பாளராக, நால்வரும் சில வாரங்கள் பதிவறையில் உழைத்தார்கள். நெஸ்மித் கிதாரும் ஸ்டீல் கிதாரும், டோர்க் விசைப்பலகையும் பேன்ஜோவும், டோலன்ஸ் டிரம்சும், ஜோன்ஸ் சிறு தாளக் கருவிகளும் வாசித்தார்கள். ஆல்பத்தின் உறையிலேயே, சில இடங்களில் வேறு கலைஞர்களும் வாசித்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் வழிகாட்டுதலில்தான் என்ற பொருளில் ஒரு குறிப்பை அச்சிட்டார்கள். முந்தைய ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்த கிர்ஷ்னரின் பாராட்டுரைக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. 1967 மே மாதம் வெளிவந்து, ஒரே ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பீட்டில்சின் புதிய ஆல்பம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள, இது பல வாரங்கள் இரண்டாம் இடத்தில் தங்கியது. முன்னதன் 18 வாரங்களோடு ஒப்பிட்டு இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவன் என்ற முறையில், மெருகு குறைந்த பிந்தையதில்தான் நான்கு மனிதர்களின் அறை கேட்கிறது என்பேன்.

அந்த ஆண்டில் மங்கீஸ் தட்டுகள் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம் விற்றன என்ற கூற்று இன்றும் பல இடங்களில் அச்சாகிறது. அது ஒரு நிருபரிடம் தாம் வேண்டுமென்றே சொன்ன பொய் என்று நெஸ்மித்தே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். உண்மை விற்பனையே போதுமான அளவு பெரிது, இந்தக் கூற்றை இனி விட்டுவிடுவது நல்லது.

உரிமை கிடைத்த பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். முழுக்க முழுக்கக் குழுவாக வாசிக்கும் முறை நீடிக்கவில்லை. ஆண்டின் இறுதியில் வந்த அடுத்த ஆல்பத்திலேயே வெளிக்கலைஞர்கள் மறுபடி வந்தார்கள், 1968 இல் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்யத் தொடங்கினார்கள், அந்த ஆண்டின் முடிவில் டோர்க் விலகினார். நால்வரும் மட்டுமே எல்லாவற்றையும் வாசித்த ஆல்பம் 1996 இல்தான் வந்தது. இதை வைத்துப் போராட்டம் வீண் என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்கப்பட்டது முடிவெடுக்கும் உரிமை. வெளிக்கலைஞரை அழைப்பதா வேண்டாமா என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று.

இரண்டாம் ஆண்டும் பிறகும்

தொடரின் இரண்டாம் ஆண்டில் கட்டுகள் தளர்ந்தன. பதிவு செய்த சிரிப்பொலி கைவிடப்பட்டது, கதைகள் தாறுமாறாயின. ஓர் எபிசோடில் ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா கம்பளிக் குல்லாய் அணிந்து நெஸ்மித்தாகவும், நெஸ்மித் ஸாப்பாவாகவும் எதிரெதிரே உட்கார்ந்து பேட்டி எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு ஸாப்பா ஒரு காரை ‘வாசிப்பதாக’ச் சொல்லிச் சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறார். தொடர் மூன்றாம் ஆண்டுக்குப் போகவில்லை. ராஃபெல்சன் இயக்கி, ஜாக் நிக்கல்சனுடன் சேர்ந்து எழுதிய திரைப்படம் 1968 நவம்பரில் வந்து, பார்ப்பாரின்றிப் போனது. அதில் நால்வரும் மீண்டும் மீண்டும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடைபடுகிறார்கள். படப்பிடிப்புத் தளத்து அறையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். 1986 பிப்ரவரியில் எம்டிவி பழைய எபிசோடுகளைத் தொடர்ந்து ஒளிபரப்ப, தொடர் முடிந்தபின் பிறந்த ஒரு தலைமுறை அவர்களைக் கண்டுகொண்டது. ஜோன்ஸ் 2012 இலும், டோர்க் 2019 இலும், நெஸ்மித் 2021 இலும் காலமானார்கள்.

இதை எழுதுவதற்காக நான் பலமுறை திரும்பப் பார்த்தது 1968 மார்ச் 25 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடு. இயக்கியவர் டோலன்ஸ். தொலைக்காட்சித் திரையில் சுழலும் ஒரு கண்ணைக் காட்டி ஊரையே மயக்கத்தில் ஆழ்த்தும் ஒரு வில்லனிடமிருந்து நால்வரும் மக்களை மீட்கிறார்கள். கதை முடிகிறது. வழக்கமாக அங்கே மங்கீஸ் பாடல் வரும். டோலன்ஸ் அந்த நிமிடங்களை, அன்று பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத டிம் பக்லி என்ற இளைஞருக்குக் கொடுத்தார். கூட்டமோ குதியாட்டமோ இல்லை. கிதாரை மடியில் வைத்துத் தனியே உட்கார்ந்து, தாமே இசையமைத்த பாடலை, தாமே வாசித்து, கண்ணை மூடிப் பாடுகிறார்.